திண்ணையிலே ஒரு விஞ்ஞானக் கூடம்!

ஓசூரில் பருப்பு வேக நேரமாவது ஏன்? கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது ஏன்? குழந்தைகளே சோதித்துப் பார்க்கலாம்!

ஓசூரில் பருப்பு வேகச் சற்று அதிக நேரம் பிடிக்கும்!

சென்னையில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றுகிறாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பருப்போ வேக மறுக்கிறது.

"பருப்பு வேகவைக்கக்கூடத் தெரியவில்லையே!" என்று மாமியார் முணுமுணுக்கலாம். ஆனால் குற்றம் மருமகள் மீது இல்லை. பருப்பு விற்ற கடைக்காரர் மீதும் இல்லை.

குற்றவாளி யார் தெரியுமா? காற்று!

ஓசூர், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிப்பது இல்லை. ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்து விடுகிறது. சென்னையிலே 100 டிகிரி. ஊட்டியிலோ 93 டிகிரிக்குள் கொதித்துவிடும்.

கொதித்துவிட்டால் அதற்கு மேல் தண்ணீரின் சூடு ஏறாது. எவ்வளவு விறகு வைத்தாலும் சரி, எவ்வளவு கியாஸ் எரித்தாலும் சரி, ஏறவே ஏறாது. ஆகவே ஓசூர்ப் பருப்பு, சென்னைப் பருப்பை விடக் குறைந்த சூட்டில்தான் வேக வேண்டும். அதனால்தான் தாமதம்.

காற்றின் மூட்டை

காற்றுக்கு எடை உண்டு. நம் தலைக்கு மேலே பல கிலோ மீட்டர் உயரத்துக்குக் காற்று அடுக்கி வைக்கப்பட்டு இருக்கிறது. அந்த மூட்டை, அடுப்பில் உள்ள தண்ணீரையும் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டுதான் நீராவி வெளியே வரவேண்டும்.

கடற்கரை ஊரில் மூட்டை கனம். மலை மேல் ஏற ஏற மூட்டை இலேசாகிறது. தண்ணீர் சுலபமாகக் கொதித்து விடுகிறது. சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிரஷர் குக்கர் இதற்கு நேர் எதிர். மூடியை இறுக்கி, நீராவியை உள்ளேயே அடைத்து, அழுத்தத்தைக் கூட்டுகிறது. உள்ளே தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை சூடேறும். பருப்பு விரைவில் குழைந்து விடும். இந்த யோசனையை 1679-ம் ஆண்டிலேயே செய்து காட்டியவர் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர்.

இதைக் குழந்தைகளுக்குக் கண்ணால் காட்டலாம். மருந்துக் கடையில் ஊசி இல்லாத புதிய சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். கை பொறுக்கும் சுடுநீரைக் கால் பங்கு உறிஞ்சுங்கள். உள்ளே காற்று இருந்தால் தள்ளிவிடுங்கள். முனையை விரலால் இறுக அடைத்துக்கொண்டு, பின்தண்டைப் பலமாக இழுங்கள்.

என்ன ஆகிறது? கை பொறுக்கும் சூட்டிலேயே தண்ணீர் கொப்பளிக்கிறது! அழுத்தம் குறைந்தது, கொதி வந்தது. மலை ஏறாமலே மலை உச்சியின் அதிசயத்தைப் பார்த்தாகிவிட்டது.

தொரப்பள்ளிக்காரரின் திண்ணை

"விஞ்ஞானம் என்றால் கண்ணாடிக் குடுவை வேண்டும், மின்சாரக் கருவி வேண்டும், இங்கிலீஷ் வேண்டும்" என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை என்று சொன்னவர், ஓசூர்ச் சீமையைச் சேர்ந்த ஒரு பெரியவர்.

ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது தொரப்பள்ளி கிராமம். 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி அங்கே ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவி வகித்த முதல் இந்தியர். ஆம், ராஜாஜி!

அரசியல்வாதி ராஜாஜியை எல்லோருக்கும் தெரியும். ஆனால் விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லப் பாடுபட்ட ராஜாஜியைப் பலருக்குத் தெரியாது.

அவர் சேலத்தில் வக்கீலாக இருந்த காலம். 1916-ம் ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்கள் கண்டுபிடிப்பதே அதன் வேலை. பௌதிகம், ரசாயனம், தாவரம், கணிதம், வான சாஸ்திரம் ஆகிய எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் தேடினார்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. ரசாயன சாஸ்திரத்தை எளிய தமிழில் எழுதினார். அந்தப் புத்தகத்தின் பெயர் என்ன தெரியுமா? "திண்ணை ரசாயனம்!" செடி கொடிகளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு "தாவரங்களின் இல்லறம்" என்று பெயர் வைத்தார்.

பெயரைப் பாருங்கள். ரசாயனத்துக்குத் திண்ணை! தாவரத்துக்கு இல்லறம்! விஞ்ஞானத்தின் இடம் வீடு என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்.

ஓசூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்று மொழிகள் புழங்கும் குடும்பங்கள் ஏராளம். எந்த மொழியில் கேட்டால் என்ன? கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

இனி, இந்த வட்டாரத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சில சோதனைகளைச் செய்து பார்ப்போம்.

மை குடிக்கும் ரோஜா

ஓசூர் ரோஜா பெயர் பெற்றது. பிப்ரவரி மாதம் காதலர் தினம் வந்தால் இங்கிருந்து ரோஜாப் பூக்கள் விமானம் ஏறி வெளிநாடு போகின்றன.

காம்போடு கூடிய வெள்ளை ரோஜா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பின் நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். கால் தம்ளர் தண்ணீரில் கேசரிக்குப் போடும் கலர் பொடியை நன்றாகக் கலந்து, பூவை அதில் நிறுத்துங்கள்.

காலையில் வைத்தால் மாலையில் இதழின் ஓரங்களில் நிறம் எட்டிப் பார்க்கும். மறுநாள் நரம்பு நரம்பாக நிறம் ஓடி இருக்கும்!

பெரியவர்கள் உதவியோடு காம்பை நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சிவப்புத் தண்ணீரிலும் மறு பாதியைப் பச்சைத் தண்ணீரிலும் வையுங்கள். ஒரே பூ, இரண்டு நிறம்!

காம்புக்குள் தலைமுடியை விட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. இதழிலும் இலையிலும் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போகப் போக, கீழே இருந்து தண்ணீர் மேலே இழுக்கப்படுகிறது. மோட்டார் இல்லை. கரண்டு இல்லை. நூறு அடி மரத்தின் உச்சிக்குத் தண்ணீர் ஏறுவதும் இந்த முறையில்தான்.

பூக்காரர்கள் காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டுவது ஏன் என்று இப்போது விளங்கும். வெட்டும்போது காற்றுக் குமிழி உள்ளே புகுந்தால் குழாய் அடைபட்டுப் பூ சீக்கிரம் வாடிவிடும்.

மாங்காயின் இரகசியம்

கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம். அந்த மாவட்டத்தில் கிளிமூக்கு போல வளைந்த பெங்களூரா மாங்காய் ஏராளமாக விளைகிறது. பெரும்பகுதி தொழிற்சாலைக்குப் போய்க் கூழாகிறது.

மாங்காய் விளைந்ததா, பிஞ்சா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. வாளித் தண்ணீரில் போடுங்கள். நன்றாக விளைந்த காய் பெரும்பாலும் மூழ்கும். விளையாத காய் மிதக்கும். காய் விளைய விளைய உள்ளே மாவும் சர்க்கரையும் சேர்ந்து, அதே அளவு தண்ணீரை விடக் கனமாகி விடுகிறது.

அடுத்து, விளைந்த காய்கள் இரண்டை எடுங்கள். ஒன்றைக் காகிதப் பையில் தனியாகக் கட்டி வையுங்கள். இன்னொன்றை, நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தோடு சேர்த்து வேறு பையில் கட்டி வையுங்கள். தினமும் பாருங்கள். வாழைப்பழத்தோடு சேர்ந்த காய் முந்திக்கொள்ளும்!

பழுக்கும் பழம் 'எத்திலீன்' என்ற வாயுவை வெளியே விடுகிறது. அந்த வாயு பக்கத்தில் இருக்கும் காயையும் பழுக்க வைக்கிறது. அரிசிப் பானையில் மாங்காயைப் புதைத்து வைத்த நம் பாட்டிமார்கள் இந்த வாயுவைத்தான் வெளியே போகாமல் அடைத்து வைத்தார்கள். பெயர்தான் அவர்களுக்குத் தெரியாது!

சிலர் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பது உண்டு. அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்தக் கல்லில் ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்திருக்கக் கூடும். தோல் மட்டும் பளபளவென்று மஞ்சளாகி, உள்ளே காயாகவே இருக்கும் மாம்பழத்தைக் கண்டால் எச்சரிக்கை!

கல்லும் கடிகாரமும்

ஓசூரில் 1970-ம் ஆண்டுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று பலவும் அங்கே உருவாயின. டைட்டன் கடிகாரம் பிறந்த ஊர் ஓசூர்தான்.

வீட்டிலேயே ஒரு கடிகாரம் செய்யலாம். ஒரு நூலில் சிறிய கல்லைக் கட்டித் தொங்க விடுங்கள். தொங்கும் இடத்தில் இருந்து கல்லின் நடுப்பகுதி வரை சரியாக 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். இலேசாக ஆட்டி விடுங்கள்.

போய்த் திரும்பி வந்தால் ஒன்று என்று எண்ணுங்கள். ஒரு நிமிடத்தில் சுமார் 60 ஆட்டம் வரும். அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஒரு விநாடி!

இப்போது கல்லை மாற்றிக் கனமான கல்லைக் கட்டுங்கள். வேகம் கூடுமா? கூடாது! நூலின் நீளத்தை நாலு மடங்காக்கி ஒரு மீட்டர் ஆக்குங்கள். நிமிடத்துக்கு 30 ஆட்டம்தான் வரும். ஆட்டத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது கல்லின் கனம் அல்ல, நூலின் நீளம்.

கைக்கடிகாரத்துக்குள் ஊசலாட இடம் இல்லை. அங்கே 'குவார்ட்ஸ்' என்ற படிகம் அந்த வேலையைச் செய்கிறது. மின்சாரம் பட்டால் அது அதிரும். ஒரு விநாடிக்கு எத்தனை தடவை? 32 ஆயிரத்து 768 தடவை!

அது என்ன விசித்திரமான எண்? குழந்தைகளிடம் காகிதமும் பென்சிலும் கொடுங்கள். இரண்டை இரண்டால் பெருக்கி, வந்ததை மறுபடியும் இரண்டால் பெருக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள். மொத்தம் 15 இரண்டுகளைப் பெருக்கினால் அதே எண் வரும். கடிகாரம் அதைப் பாதி பாதியாக 15 தடவை குறைத்து, விநாடிக்கு ஒன்று என்று ஆக்கிக்கொள்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெட்டி எடுக்கும் கிரானைட் கல்லிலும் குவார்ட்ஸ் உண்டு. கல்லில் கண்ணாடித் துணுக்கு போல மின்னுவது அதுதான். கடிகாரத்துக்கு மட்டும் சுத்தமான குவார்ட்ஸ் படிகத்தைத் தனியாக வளர்த்து எடுக்கிறார்கள்.

ஆற்றில் பனிமலையா?

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் மதகு திறந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தென்பெண்ணை ஆற்றில் வெள்ளை வெளேர் என்று நுரை மலைபோல் குவியும். சில சமயம் பாலத்தையே மூடிவிடும்.

தூரத்தில் இருந்து பார்த்தால் இமயமலைப் பனி போல இருக்கும். ஆனால் அது பனி அல்ல, அழுக்கு!

தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத் தூளைத் தூவுங்கள். தூள் மிதக்கும். விரல் நுனியில் சோப்பைத் தொட்டு, நடுவில் வையுங்கள். மிளகுத் தூள் பயந்து ஓடுவது போல நாலா பக்கமும் சிதறி ஓடும்!

தண்ணீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல நடந்துகொள்கிறது. சோப்பு பட்ட இடத்தில் அந்த இழுப்பு தளர்ந்து போகிறது. சுற்றி இருக்கும் தண்ணீர் இன்னும் பலமாக இழுப்பதால் தூளும் அதோடு ஓடுகிறது.

அடுத்த சோதனை. இரண்டு பாட்டில்களில் பாதி அளவு தண்ணீர் எடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சலவைத் தூள் போடுங்கள். இரண்டையும் மூடிக் குலுக்குங்கள். வெறும் தண்ணீரில் குமிழிகள் உடனே உடைந்து விடும். சலவைத் தூள் போட்டதில் நுரை பொங்கி நெடுநேரம் நிற்கும்.

கெலவரப்பள்ளியில் நடப்பதும் இதுதான். தென்பெண்ணை, கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் கழிவு நீரும் அதில் கலக்கிறது. வீடுகளில் துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், தொழிற்சாலைக் கழிவு எல்லாம் அதில் உண்டு. மதகு வழியாகத் தண்ணீர் விழும்போது காற்றோடு மோதிக் கலங்குகிறது. அதுதான் குலுக்கல். நுரை பொங்குகிறது.

பெல்லந்தூர் ஏரியில் 2015-லும் 2017-லும் தீயே பிடித்தது. தண்ணீரில் தீப்பிடித்த செய்தியை உலகமே வியப்போடு படித்தது.

அணையின் தண்ணீரை நம்பி வயல்கள் இருக்கின்றன. ஆறு அங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. பிறகு சாத்தனூர் அணைக்குப் போகிறது. கடலூர் அருகே கடலில் கலக்கிறது. ஓர் ஊரின் சலவைத் தண்ணீர் அடுத்த ஊரின் வயல் தண்ணீர் ஆகிறது!

குழந்தைகள் அந்த நுரையை அள்ளி விளையாடக் கூடாது. கண்ணிலும் தோலிலும் எரிச்சல் உண்டாகும். பாட்டில் நுரையோடு விளையாட்டை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கொதித்தாலும் போகாத நஞ்சு

கடைசிச் சோதனை மிகவும் சாதாரணமானது. ஆனால் ஆயுசுக்கும் பயன்படுவது.

தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்துக் கொதிக்க வையுங்கள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, பெரியவர் ஒருவர் துணியால் தட்டைப் பிடித்து எடுக்கட்டும். தட்டின் அடியில் முத்து முத்தாக நீர்த் துளிகள் இருக்கும். ஆறியதும் நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு இல்லை!

பாத்திரத்தில் மிச்சம் இருக்கும் தண்ணீரை ஆறவைத்து ருசி பாருங்கள். முன்னை விடக் கூடுதலாகக் கரிக்கும். தண்ணீர் மட்டும் ஆவியாகப் போயிற்று. உப்பு அங்கேயே தங்கி விட்டது.

இதில் என்ன பாடம் இருக்கிறது என்கிறீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிராமங்களின் நிலத்தடி நீரில் 'புளோரைடு' என்ற உப்புச் சத்து அளவுக்கு மேல் இருக்கிறது. பூமிக்கு அடியில் உள்ள பாறைகளில் இருந்து அது கரைந்து வருகிறது.

ஒரு லிட்டர் குடிநீரில் ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழி இல்லாத இடத்தில் ஒன்றரை மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்பது இந்திய அரசின் தர அளவு. அதற்கு மேல் போனால் ஆபத்து. குழந்தைகளின் பற்களில் மஞ்சளாக, பழுப்பாகக் கறை விழும். பல் தேய்த்தாலும் போகாது. அதிக அளவில், பல வருடம் குடித்து வந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். சிலருக்கு முதுகும் காலும் வளைந்து விடுவது உண்டு.

"தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்!" என்று தாய்மார்கள் கேட்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது மிகவும் நல்லது. ஆனால் புளோரைடு போகாது. உப்பைப் போலவே அதுவும் பாத்திரத்திலேயே தங்கி விடும். தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்!

பிறகு என்ன வழி? இந்த மாவட்டங்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடன் உதவியோடு நிறைவேற்றப்பட்டு, 2013-ம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. அது காவிரித் தண்ணீர். அந்தத் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்த வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் துணி துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளலாம்.

ஆழ்குழாய்க் கிணற்றை மட்டுமே நம்பி இருப்பவர்கள், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதாலேயே தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

வண்டியில் வரும் விஞ்ஞானம்

குழந்தைகள் தாமே செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்ற எண்ணம் இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பரவி இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டி, ஆந்திர எல்லைக்குள் குப்பம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அகஸ்தியா என்ற நிறுவனத்தின் விஞ்ஞான வளாகம் 172 ஏக்கரில் அமைந்திருக்கிறது. 1999-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், சோதனைப் பொருள்களை வண்டியில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கே கொண்டு போனது.

தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி "வானவில் மன்றம்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சோதனைகள் செய்து காட்டுவது அதன் நோக்கம்.

வண்டி வரும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. சமையல் அறை இருக்கிறது, திண்ணை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது!

நாலு விதிகள்

ஒன்று: அடுப்பு, கத்தி பக்கத்தில் பெரியவர்கள் இல்லாமல் எந்தச் சோதனையும் வேண்டாம்.

இரண்டு: சோதனைக்கு முன்னால் "என்ன நடக்கும்?" என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஊகித்துச் சொல்ல வேண்டும். தாத்தாவும் பாட்டியும் கூடத்தான்.

மூன்று: நடந்ததை நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுத வேண்டும். நினைத்தபடி நடக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

நாலு: குழந்தை "ஏன்?" என்று கேட்டால் "வாயை மூடு" என்று சொல்லக் கூடாது. பதில் தெரியாவிட்டால், "வா, செய்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

இன்று "பருப்பு ஏன் வேகவில்லை?" என்று கேட்கும் குழந்தை, நாளை "ஆற்றில் ஏன் நுரை?" என்று கேட்கும். மறுநாள் "நம் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தோமா?" என்று கேட்கும்.

அந்த ஒரு கேள்வி, ஒரு குடும்பத்தின் பல்லையும் எலும்பையும் காப்பாற்றும்!